தீவூருக்கு விருந்தினர் வருமுன்

(வட்டார வளர்ச்சி அலுவலர் ஒருவர் எழுதியது)

விருந்தோம்பல் தமிழர்க்குப் புதிதன்று. வழிப்போக்கர்க்குத் திண்ணையும், பசித்து வந்தார்க்குச் சோறும் அளித்த நாடு இது. இராமேசுவரத்திற்குச் செல்லும் பாதை நெடுகிலும் சத்திரங்கள் இருந்தமை யாவரும் அறிந்ததே. ஆயினும் அக்காலத்து யாத்திரிகர் வேறு; இக்காலத்துச் சுற்றுலாப் பயணி வேறு. முன்னவர் நடந்து வந்தார். ஊர்க்கிணற்றில் ஒரு குடம் நீர் இறைத்துக் கொண்டார். வாழையிலையில் உண்டு, விடியுமுன் வழிநடந்தார். அவர் விட்டுச் சென்றது மாடு தின்னும் இலை ஒன்றே. பின்னவரோ பேருந்திலும் காரிலும் கூட்டமாக வருகிறார். குளிக்க நிறைய நீர் வேண்டுகிறார். போகும்போது நெகிழிப் புட்டிகளையும் உறைகளையும் விட்டுச் செல்கிறார். அவற்றுடன் ஓரளவு பணத்தையும் விட்டுச் செல்கிறார் என்பது உண்மையே. அந்தப் பணம் எவர் கையைச் சேருகிறது, அதற்கு ஈடாக ஊர் எதனை இழக்கிறது என்னும் இரு கேள்விகளே இக்கட்டுரையின் பொருளாகும்.

வெளியூர் முதலாளி ஒருவர் நிலம் வாங்கி, விடுதி கட்டி, ஊராரை அதில் காவலாளியாகவும் துப்புரவாளராகவும் அமர்த்திக் கொள்வது ஒருவகைச் சுற்றுலா. ஊரார் தாமே கூடி, எத்தனை பேரை அழைப்பது, எங்கே தங்கவைப்பது, என்ன விலை கொள்வது என்று முடிவு செய்து, வருவாயைத் தமக்குள் பகிர்ந்து கொள்வது மற்றொரு வகை. இரண்டாவது வகையையே ஊர்ச் சமூகச் சுற்றுலா என்கிறோம். இது நிலைத்து நிற்பதற்கு வேண்டிய வசதிகள் யாவை என்பதைச் சிறு தீவுகளை எடுத்துக்காட்டாகக் கொண்டு ஆராய்வது நலம். தீவில் நிலம் குறைவு, நீர் குறைவு, குப்பை போட இடமும் குறைவு. ஆதலின் அங்கே செய்த தவறு விரைவில் வெளிப்பட்டுவிடும். உள்நாட்டு ஊரிலும் அதே தவறு அதே கேட்டினையே விளைக்கும். வெளிப்படுவதற்குத்தான் காலம் பிடிக்கும்.

பசிபிக் தீவுகளின் படிப்பினை

பசிபிக் மாகடலில் சிதறிக் கிடக்கும் சிறு தீவுகள் பல, சுற்றுலாவை நம்பி வாழ்கின்றன. அவற்றுள் பிஜித் தீவு நமக்கு அயலன்று. 1879 முதல் 1916 வரை ஏறத்தாழ 60,000 இந்தியர் ஒப்பந்தக் கூலிகளாக அங்கே கொண்டு செல்லப்பட்டனர். 1903 முதல் சென்னைத் துறைமுகத்தின் வழியாகத் தமிழரும் தெலுங்கரும் கப்பலேறினர். அவர்கள் பட்ட துயரைப் பாரதியார் பாடியுள்ளார்.

அந்நாட்டில் நிலத்தின் பெரும்பகுதி பழங்குடி மக்களின் பொதுவுடைமை. அதனை விற்க இயலாது, குத்தகைக்கே விடலாம். ஓர் ஊருக்குள் நுழையும் விருந்தினர் முதலில் ஊர்த்தலைவரைக் கண்டு, கவா என்னும் செடியின் வேரைக் காணிக்கையாக வைத்து, வரவுக்கு இசைவு பெறுவது அங்கே மரபு. விருந்தினர் எவராயினும் ஊர் அவருக்குக் கடமைப்பட்டதன்று, அவரே ஊருக்குக் கடமைப்பட்டவர் என்பதை இச்சிறு சடங்கு நினைவூட்டுகிறது.

சமோவா நாட்டிலும் நிலத்தில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு குடும்பங்களின் பொது உரிமையே. அங்கே கடற்கரையில் 'ஃபாலே' எனப்படும் சுவரற்ற குடில்களை ஊர்க் குடும்பங்கள் அமைத்துள்ளன. மரத்தூண், கூரை, ஒரு பாய் மெத்தை, ஒரு கொசுவலை ஆகியவையே அதன் உடைமை. உணவு அந்தக் குடும்பத்தின் அடுக்களையிலிருந்து வருகிறது. மாலை வழிபாட்டு நேரத்தில் ஊரே அடங்கியிருக்கும். விருந்தினரும் வெளியே நடமாடாமல் இருத்தல் வேண்டும். குடில் அமைக்கப் பெருமுதல் தேவையில்லை; ஆகவே கடன் சுமையும் பெரிதில்லை. 2009 செப்டம்பர் 29-ஆம் நாள் எழுந்த ஆழிப்பேரலை அந்நாட்டின் தென்கிழக்குக் கரையில் பல உயிர்களைக் கொள்ளை கொண்டது. லாலோமனு என்னும் ஊரின் கடற்கரைக் குடில்களும் அழிந்தன. குடிலை மறுபடியும் கட்டிவிட்டனர். போன உயிரை மீட்க இயலவில்லை. கடலோரத்தில் விருந்தினரைத் தங்கவைப்பவர், மேட்டு நிலத்திற்கு ஓடும் வழியையும் முன்னதாகவே காட்டி வைக்க வேண்டும் என்பது இதனால் விளங்கும். 2004 டிசம்பர் 26-ஐக் கண்ட நமது கரையோரத்தார்க்கு இதனை விரித்துரைக்க வேண்டுவதில்லை.

பலாவு என்னும் சிறு நாடு, 2017 டிசம்பர் முதல், வருகிற ஒவ்வொருவரின் கடவுச்சீட்டிலும் ஓர் உறுதிமொழியை முத்திரையிட்டு, அதில் கையொப்பம் பெற்ற பின்னரே உள்ளே விடுகிறது. அத்தீவின் இயற்கைக்குத் தீங்கு செய்யேன் என்று அந்நாட்டுக் குழந்தைகளை முன்னிறுத்தி அளிக்கும் வாக்கு அது. நம் ஊராட்சி எவருடைய கடவுச்சீட்டிலும் முத்திரை குத்த இயலாது. ஆனால் படகேறும் இடத்தில் ஒரு பலகை வைத்து, ஊரின் விதிகளைப் படித்துக் காட்டி, பதிவேட்டில் கையொப்பம் பெறுவதற்குத் தடையொன்றும் இல்லை.

நம் கடலும் நம் தீவுகளும்

தூத்துக்குடிக்கும் இராமேசுவரத்துக்கும் இடையே மன்னார் வளைகுடாவில் 21 தீவுகள் உள. 1986-இல் இப்பகுதி கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பெற்றது. 1989-இல் உயிர்க்கோளக் காப்பகம் ஆயிற்று. இவற்றில் இரு தீவுகள் கடலுள் அமிழ்ந்துவிட்டன. சுண்ணாம்புக்கும் கட்டட வேலைக்கும் பவளப் பாறைகளை வெட்டியெடுத்தமை கரைகளைக் காத்த அரணை நெடுங்காலமாகச் சிதைத்து வந்தது. இத்தீவுகளில் மக்கள் குடியிருப்பு இல்லை. எதிர்க்கரையில் வாழும் மீனவரும், பாசி எடுத்துப் பிழைக்கும் பெண்களுமே இவற்றைத் தலைமுறையாக அறிந்தவர்கள். பாம்பனை அடுத்த குந்துகாலிலிருந்து குருசடைத் தீவுக்கு வனத்துறையினர் பார்வையாளரைப் படகில் அழைத்துச் செல்ல ஏற்பாடு செய்துள்ளனர். 1897 ஜனவரியில் சுவாமி விவேகானந்தர் மேல்நாட்டிலிருந்து திரும்பிக் கரையிறங்கிய இடம் அக்குந்துகால்.

வடக்கே, திருவாடானை வட்டத்தில், பாக் நீரிணையின் ஓரமாகக் காரங்காடு என்னும் ஊர் இருக்கிறது. அங்கே அலையாத்திக் காட்டினைக் காணவருவோரை வனத்துறையும் ஊர் மக்களும் சேர்ந்து வரவேற்கின்றனர். ஊர் மீனவர் படகோட்டுகின்றனர். ஊர்ப் பெண்கள் கடலுணவு சமைத்து விற்கின்றனர். காட்டினை வெட்டாமல் நிற்கவிட்டால் அது வருவாய் தரும் என்பதை அவ்வூரார் கண்டுகொண்டனர். மரத்தை விற்றால் ஒரு நாள் காசு. மரத்தைக் காட்டினால் ஆண்டுதோறும் காசு. இதனினும் தெளிவான பாடம் வேறில்லை.

சென்னைக்கு வடக்கே ஏறத்தாழ 60 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது பழவேற்காடு. ஒடிசாவின் சில்காவுக்கு அடுத்தபடியாக இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி அது. தமிழ்நாட்டில் அடங்கிய பகுதி 1980-இல் பறவைகள் புகலிடமாக்கப்பட்டது. குளிர்காலத்தில் பூநாரைகள் திரளாக வந்து இறங்குகின்றன. ஒல்லாந்தர் 1613-இல் கட்டிய கோட்டையின் இடிபாடும், அவர்தம் கல்லறைகளும் அங்கே உள. ஏரிக்கும் கடலுக்கும் இடைப்பட்ட மணல்மேட்டில் மீனவர் குப்பங்கள் வரிசையாக அமைந்துள்ளன. பார்க்கத்தக்கவை நிறைய, வசதிகளோ குறைவு.

வருபவர் வேண்டுவது யாது?

சென்னை ராயப்பேட்டையில் வாழும் ஒரு குடும்பத்தை எண்ணிப் பார்ப்போம். கணவன், மனைவி, இரு குழந்தைகள், பாட்டி ஒருவர். விடுமுறையில் அவர்கள் கடலோர ஊருக்கு வருகின்றனர். அவர்கள் தேடி வருவது பளிங்குத் தரையையும் குளிர்சாதன அறையையும் அன்று. அவை ராயப்பேட்டை நெடுஞ்சாலையிலேயே கிடைக்கும். காற்று, மணல், பறவை, சுடச்சுட மீன்குழம்பு, முகம் மலர்ந்து பேசும் மனிதர் ஆகியவற்றுக்காகவே வருகின்றனர். இவையனைத்தும் ஊரில் ஏற்கெனவே இருக்கின்றன. இவற்றைக் கட்ட வேண்டியதில்லை. ஊர் ஏற்படுத்தித் தர வேண்டியவை நான்கே: அஞ்சாமல் குடிக்கத்தக்க நீர், பாட்டியும் குழந்தையும் முகஞ்சுளிக்காமல் செல்லத்தக்க கழிப்பிடம், கவிழாத படகு, ஏமாற்றாத விலை. இந்நான்கும் ஊராருக்கும் வேண்டியவையே என்பதைக் கவனிக்க. விருந்தினருக்கென்று தனியே செய்வது வீண். ஊருக்குச் செய்வதையே செம்மையாகச் செய்தால் விருந்தினருக்கும் அது போதும்.

முதலில் நீர்

சிறு தீவின் நன்னீர் விந்தையானது. மணலில் இறங்கிய மழைநீர், கனத்த உப்புநீரின்மேல் எண்ணெய் மிதப்பதுபோல் மிதந்து நிற்கிறது. கடல்மட்டத்திற்கு மேல் நன்னீர் ஓரடி உயர்ந்து நின்றால், அதன் கீழே ஏறத்தாழ 40 அடி ஆழம் வரை நன்னீர் நிற்கும் என்பது நூற்கணக்கு. மண்ணின் தன்மைக்கேற்ப இது மாறினும், இதன் மறுபக்கத்தை நாம் மறத்தலாகாது: மேல்மட்டம் ஓரடி தாழ்ந்தால், கீழிருந்து உப்பு 40 அடி எழ முற்படும். தனுஷ்கோடி மணலில் கையால் ஊற்றுத் தோண்டிக் குடம் குடமாக முகந்து கொள்ளும் மீனவப் பெண்களுக்கு நன்னீர் கிடைப்பதும், அதே மணலில் மின்விசைப் பம்பு வைத்து இறைத்தால் உப்பு ஏறிவிடுவதும் இதனாலேயே.

ஒரு சிறு கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். 2019-இல் தொடங்கப்பெற்ற ஜல் ஜீவன் இயக்கம் ஊரகத்தில் ஒருவருக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர் நீரை அளவாகக் கொண்டுள்ளது. பத்து அறைகள் கொண்ட விடுதியில் இருபது பேர் தங்கி, ஆளுக்கு 150 லிட்டர் செலவிட்டால் மொத்தம் 3,000 லிட்டர். அஃது ஊரில் 54 பேருக்கு உரிய நீர். பத்து அறை கட்டலாமா என்னும் கேள்விக்கு விடை, வங்கிக் கடன் கிடைக்குமா என்பதில் இல்லை; வைகாசி, ஆனி மாதங்களில் ஊர்க்கிணற்றில் எவ்வளவு நீர் நிற்கிறது என்பதில் இருக்கிறது.

மாற்று வழி மழைநீரே. நமது மாநிலத்தில் 2003 முதல் கட்டடங்களில் மழைநீர் சேகரிப்பு கட்டாயமாக்கப்பட்டது. நூறு சதுர மீட்டர் கூரையில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் 100 லிட்டர் நீர். ஆண்டுக்கு 800 மில்லிமீட்டர் பெய்யும் ஊரில் அக்கூரை 80,000 லிட்டரைத் தருகிறது. ஒழுக்கும் சிதறலும் போக 60,000 லிட்டரேனும் தொட்டியில் சேரும். பள்ளிக்கூடம், சமுதாயக் கூடம், மீன் ஏலக்கூடம் ஆகியவற்றின் கூரைகளை இணைத்து மூடிய தொட்டி அமைப்பது ஊராட்சியின் முதற்கடமை. பசிபிக்கிலுள்ள துவாலு நாட்டினர் பெரிதும் மழைநீர்த் தொட்டிகளையே நம்பி வாழ்கின்றனர். 2011-இல் மழை பொய்த்தபோது அந்நாடு நெருக்கடி நிலையை அறிவித்து, வெளிநாட்டு உதவியுடன் கடல்நீரைக் குடிநீராக்க நேர்ந்தது. தொட்டி இருந்தால் மட்டும் போதாது, வறட்சி ஆண்டில் விருந்தினரின் எண்ணிக்கையைக் குறைக்கும் துணிவும் வேண்டும்.

கழிப்பிடமும் குப்பையும்

நீர்மட்டம் உயர்ந்த மணற்பாங்கில் சாதாரண உறிஞ்சுகுழிக் கழிப்பிடம் கட்டுதல் தவறு. குழியின் அழுக்கு சில அடிகளிலேயே கிணற்று நீரோடு கலந்துவிடும். அத்தகைய இடங்களில் மூடிய தொட்டி அமைத்து, கழிவை வெளியே எடுத்துச் சென்று சுத்திகரிக்க ஏற்பாடு செய்தல் வேண்டும். அன்றேல், தரைமட்டத்துக்கு மேலே அறை கட்டி, சிறுநீரையும் மலத்தையும் பிரித்து, சாம்பல் தூவி உலரவைத்து உரமாக்கும் கழிப்பிடம் அமைத்தல் வேண்டும். திருச்சி மாவட்டம் முசிறியில் இவ்வகைக் கழிப்பிடங்கள் கட்டப்பட்டு மக்கள் பயன்படுத்தினர். துவாலுவிலும் நீரைச் சேமிக்கவும் நிலத்தடி நீரைக் காக்கவும் இம்முறையைக் கையாண்டனர். கட்டுவதைவிடப் பேணுவதே அரிது. துப்புரவுப் பணியாளருக்கு மாத ஊதியம் எங்கிருந்து வரும் என்று எழுதி வைக்காமல் கழிப்பிடத்திற்கு அடிக்கல் நாட்டுவது, உழவு மாட்டை வாங்கிவிட்டு வைக்கோலை மறப்பது போன்றது.

குப்பையைப் பொறுத்தவரை, 2019 ஜனவரி முதல் ஒருமுறை பயன்படுத்தி எறியும் நெகிழிப் பொருள்கள் பலவற்றுக்கு மாநிலத்தில் தடை உண்டு. ஆயினும் தண்ணீர்ப் புட்டியும் தின்பண்ட உறையும் வந்துகொண்டேதான் இருக்கின்றன. இதற்குப் பயன் தந்த வழி ஒன்றுண்டு. நீலகிரி மாவட்டத்தில் 2022 முதல் மதுப்புட்டி ஒவ்வொன்றுக்கும் பத்து ரூபாய் கூடுதலாகப் பெற்று, காலிப் புட்டியைக் கொண்டு வந்தால் அதனைத் திருப்பித் தருகின்றனர். கிரிபாத்தி என்னும் பசிபிக் தீவுநாட்டிலும் தகரக் குவளைக்கும் புட்டிக்கும் இவ்வாறே ஈட்டுத்தொகை பெறுகின்றனர். படகுத்துறையில் ஏறுமுன் புட்டிகளை எண்ணிக் குறித்து, புட்டிக்குப் பத்து ரூபாய் பெற்று, திரும்பும்போது எண்ணிப் பார்த்துத் திருப்பித் தருதல் மகளிர் குழு ஒன்றால் எளிதில் செய்யக்கூடியதே. அறிவுரைப் பலகை செய்யாததைப் பத்து ரூபாய் செய்யும்.

படகு

2011 டிசம்பர் 25-ஆம் நாள், கிறித்துமசு விடுமுறையன்று, பழவேற்காட்டில் உல்லாசப் பயணம் சென்ற படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தனர். குழந்தைகளும் அவர்களுள் இருந்தனர். அதன்பின் அங்கே பயணிகளைப் படகேற்றுவதற்குத் தடை விதிக்கப்பட்டது. 2009 செப்டம்பர் 30-இல் கேரளத்துத் தேக்கடியில் 45 பேரும், 2023 மே 7-இல் தானூரில் 22 பேரும் இவ்வாறே மாண்டனர். ஒரு படகில் நேர்ந்த பிழை, ஊரிலுள்ள எல்லாப் படகுகளின் பிழைப்பையும் கெடுத்துவிடும் என்பதைப் பழவேற்காடு காட்டியது. இழந்த உயிர்களின் முன் அந்த நட்டம் சிறிதே. ஆயினும் பாதுகாப்பு என்பது அரசு அதிகாரியின் கண்டிப்பு மட்டுமன்று, ஊரின் சோறும் அதுவே என்பதை உணர வேண்டும்.

செய்ய வேண்டுவன எளியவை. படகின் பக்கத்தில் ஏற்றத்தக்க ஆள்களின் எண்ணிக்கையைப் பெரிய எழுத்தில் தீட்டுக. உயிர்காப்புச் சட்டை அணியாதவரை ஏற்றற்க. குழந்தைகளுக்குச் சிறு அளவுச் சட்டைகளைத் தனியே வைத்திருக்க. மீன்பிடிக்கும் படகையே அப்படியே சுற்றுலாப் படகாக்காது, உரிய துறையினரின் சான்று பெற்ற படகினையே செலுத்துக. எல்லாரும் ஒரு பக்கமாகச் சாய்ந்து படம் எடுக்க முற்பட்டால் படகு கவிழும் என்பதை ஏறுமுன் சொல்லுக. வானிலை எச்சரிக்கை வந்த நாளில் துறையைப் பூட்டுக. பூட்டும் அதிகாரம் படகுக்காரர் கையில் இராமல், ஊர்க்குழு குறித்த ஒருவரிடம் இருத்தல் வேண்டும். அன்றைய வருவாயை இழப்பவரே அன்றைய காற்றை அளப்பவராக இருத்தல் பொருந்தாது.

பாடு முறை காட்டும் வழி

இனி, வருவாயைப் பகிர்வது எவ்வாறு? இதற்குப் பசிபிக் வரை போக வேண்டியதில்லை. பழவேற்காட்டு மீனவரிடையே 'பாடு' என்னும் பழமுறை வழங்கி வருகிறது. ஏரியில் வலைகட்டத்தக்க இடங்களெல்லாம் ஒரே விளைச்சல் உடையவை அல்ல. நல்ல இடத்தை வலியவர் பிடித்துக் கொள்ளாதபடி, சீட்டுப் போட்டு, இன்ன நாளில் இன்ன இடம் இன்னார்க்கு என்று முறை வைத்துக் கொள்கின்றனர். இன்று மீன் கிடைக்காத இடம் பெற்றவர் நாளை நல்ல இடத்தைப் பெறுவர். போட்டியால் வரும் சண்டை குறைகிறது. ஒரே இடத்தில் அளவின்றி வலை விரிப்பதும் குறைகிறது.

விருந்தினரும் ஏரி மீனைப் போன்றவரே. முறை இல்லாவிடில், பேருந்து நிலையத்திலேயே அவரைச் சூழ்ந்து கையைப் பிடித்து இழுக்கும் காட்சியைப் பல ஊர்களில் காண்கிறோம். விலையை ஒருவர் ஏற்றுகிறார், மற்றவர் குறைக்கிறார், குறைத்தவர் ஈடுகட்ட ஆளை மிகுதியாக ஏற்றுகிறார். விபத்து அங்கேதான் பிறக்கிறது. இதற்கு மாறாக, ஒரே துறை, ஒரே பயணச்சீட்டு, ஒரே விலைப்பலகை, படகுக்கு வரிசை முறை என்று வைத்தால் இழுபறி ஒழியும். வீட்டில் தங்கவைப்பதற்கும், உணவு சமைப்பதற்கும், வழிகாட்டுவதற்கும் இதே முறை ஏற்றது.

ஆனால் பாடு முறையில் ஒரு குறை உண்டு. உரிமை பெற்ற ஊரும் குலமும் மட்டுமே அதில் இடம் பெறுகின்றன. ஏரியில் கையால் இறால் பிடித்து வாழும் இருளர்க்கும், பின்னர் வந்து சேர்ந்தவர்க்கும் அதில் பங்கில்லாமையால் பூசல்கள் நேர்ந்துள்ளன. ஊர்ச் சமூகச் சுற்றுலா இம்முறையின் வரிசையை எடுத்துக் கொள்ளலாம்; விலக்கினை எடுத்துக் கொள்ளலாகாது. படகில்லாத வீடும், நிலமில்லாத வீடும், கைம்பெண் தலைமை தாங்கும் வீடும் ஏதேனும் ஒரு முறையில் இடம்பெற வேண்டும். மன்னார் வளைகுடாவில் தீவுகளைச் சுற்றிப் பாசி எடுத்து வாழ்ந்த பெண்களுக்குத் தேசியப் பூங்காவின் விதிகள் கட்டுப்பாடு விதித்தன. அவர்களுக்கு விலக்கப்பட்ட கரையில் விருந்தினர் இறங்குவாரெனில், அந்த வருவாயின் முதற்பங்கு அப்பெண்களின் இல்லங்களைச் சேர்வதே நீதி. இயற்கையைக் காக்கும் பாரத்தை ஏழை சுமக்க, அதன் காட்சிப் பயனைப் பிறர் அடைவராயின், காப்பவர் மனம் வெறுத்துப் போகும். பிறகு காவலரை எத்தனை பேர் அமர்த்தினும் பயனில்லை.

துணைத்தொழிலே, தொழிலன்று

பிஜி நாட்டின் வருவாயில் ஏறத்தாழ ஐந்தில் இரண்டு பங்கு சுற்றுலாவினால் வந்தது. 2020 மார்ச்சில் கொரோனா நோய்ப் பரவலால் எல்லைகள் மூடப்பட்டன. 2021 டிசம்பரில்தான் மீண்டும் திறந்தன. விடுதித் தொழிலாளர் பலர் வேலையிழந்து சொந்த ஊர்களுக்குத் திரும்பினர். மரவள்ளியும் சேம்பும் பயிரிட நிலமும், மீன்பிடிக்கக் கடலும் கைவிடப்படாத இடங்களில் பசியைத் தாங்க முடிந்தது. பண்டமாற்றுக் கூடத் தலைதூக்கியது. தோண்டியைக் கண்டவுடன் கிணற்றைத் தூர்ப்பவன் உண்டோ? விருந்தினர் வருகிறார் என்பதற்காக உழவையும் மீன்பிடித்தலையும் விடுதல் அத்தகையதே.

நமது கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள்கள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். பள்ளிகளின் கோடை விடுமுறையும் அக்காலத்திலேயே வருகிறது. அந்நாள்களில் வேலையற்றிருக்கும் படகுத் தொழிலாளருக்கு இவ்வருவாய் உற்ற துணை. மற்ற மாதங்களில் அவர் கடலுக்கே செல்லட்டும்.

உள்நாட்டு உழவர்க்கும் இதில் பங்குண்டு. விருந்தினர் தரும் பணம் ஊரில் தங்குகிறதா, வந்த வழியே வெளியேறுகிறதா என்பதைச் சமையலறையே காட்டும். அரிசியும் காய்கறியும் நகரத்துக் கடையிலிருந்து வந்தால் ஊருக்குக் கிடைப்பது கூலி மட்டுமே. இராமநாதபுரத்துக் குண்டு மிளகாய் 2023-இல் புவிசார் குறியீடு பெற்றது. அம்மிளகாயில் அரைத்த குழம்பு, ஊர்க் கத்தரிக்காய், பனங்கிழங்கு, பதநீர், கருப்பட்டிக் காப்பி ஆகியவற்றைப் பரிமாறினால், கடலோரத்தில் செலவான ரூபாய் பத்துக் கல் தொலைவிலுள்ள புன்செய்க்காரரின் வீட்டையும் எட்டும். விலைக்கு வாங்கிச் செல்லும் பொருள்களும் அவ்வாறே. பழவேற்காட்டுப் பெண்கள் பனையோலையில் முடையும் பெட்டிகள் இதற்குத் தக்க சான்று.

ஊராட்சி செய்யத்தக்கவை

சில யோசனைகளை வரிசையாகக் கூறி முடிக்கிறேன்.

1. முதலில் கிராம சபையைக் கூட்டி, விருந்தினர் வேண்டுமா, வேண்டாமா என்பதை வெளிப்படையாகப் பேசுக. 2022 முதல் ஆண்டுக்கு ஆறு கிராம சபைகள் நம் மாநிலத்தில் நடைபெற வகை செய்யப்பட்டுள்ளது. வேண்டாம் என்று முடிவு செய்யவும் ஊருக்கு உரிமை உண்டு.

2. நாளொன்றுக்கு எத்தனை பேர் என்னும் உச்ச அளவைக் கோடைக்கால நீர், கழிப்பிடம், சான்று பெற்ற படகு ஆகிய மூன்றில் எது குறைவோ அதனைக் கொண்டு நிர்ணயிக்க. அவ்வளவு நிரம்பிய பின் வருபவரை மறுநாள் வரச் சொல்லுக.

3. மீனவர், உழவர், மகளிர் குழுவினர், ஆதிதிராவிடர், பழங்குடியினர், இளைஞர் ஆகியோர் அடங்கிய குழு ஒன்றை அமைக்க. ஒரு குடும்பத்திலிருந்து ஒருவர் மட்டுமே இருத்தல் நலம்.

4. கட்டடம் எழுப்புமுன் கடற்கரை ஒழுங்குமுறை மண்டல விதிகள், வனவிலங்குச் சட்டம் ஆகியவற்றின்படி இசைவு பெறுக. புதிய கட்டடத்தைவிட, இருக்கும் வீட்டில் ஓர் அறையை ஒழுங்கு செய்வதே சிக்கனம். கடலோர நிலத்தை விற்றுவிட வேண்டாம். விற்ற பின் அந்நிலத்திலேயே கூலிக்கு நிற்க நேரும்.

5. வருவாயில் முன்கூட்டியே பங்கு பிரித்து எழுதி வைக்க: உழைத்தவருக்கு ஒரு பங்கு, கழிப்பிடமும் துறையும் பேணுவதற்கு ஒரு பங்கு, கரையும் காடும் காப்பதற்கு ஒரு பங்கு, இடர்க்கால நிதிக்கு ஒரு பங்கு. வரவு செலவுக் கணக்கை மாதந்தோறும் ஊராட்சி அலுவலகச் சுவரில் ஒட்டுக.

6. ஆண்டிற்கொருமுறை கிணற்று நீரின் உப்பினைச் சோதித்து, முந்திய ஆண்டோடு ஒப்பிடுக. உப்பு ஏறியிருந்தால் ஆள் அளவைக் குறைக்க.

தீவில்லாத ஊர்களில் வாழும் அன்பர்கள், இவை தமக்கு உரியவை அல்ல என எண்ண வேண்டாம். மலையூரும், அணைக்கட்டு ஊரும், திருவிழாக் கூடும் கோயிலூரும் ஒரு வகையில் தீவுகளே. அங்கும் நீருக்கு எல்லை உண்டு, குப்பைக்கு இடம் குறைவு, வருபவர் மிகுதி. எந்த ஊராயினும் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே: வந்தவர் அனைவரும் சென்ற பிறகு நம் கிணறும், நம் கரையும், நம் ஒற்றுமையும் முன்போலவே இருக்கின்றனவா? ஆம் என்று விடை சொல்ல முடிந்த ஊர், அடுத்த ஆண்டும் விருந்தினரை மகிழ்ச்சியுடன் வரவேற்கலாம்.